இடது கையில நிக்கற வாட்ச்

ஏனுங்க, கடையில ஆரும் இல்லீங்களா? வாட்ச் ரிப்பேர் பண்றவரைப் பாக்கோணும்.

நீதான் பண்றதா அம்மணி? இல்லை, தப்பா நெனைச்சுக்காதே, உள்ள அப்பாவோ அண்ணனோ இருந்தாக் கூப்புடுன்னு சொல்ல வந்தேன். சரி சரி. போர்டுலயே உன்ற பேர்தான் போட்டிருக்குதா? நான் படிக்கற கண்ணாடியை ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். வயசுக்கு என்ற புள்ளையாட்டத்தான் இருக்கறே, நீன்னே பேசறேன், கோவிச்சுக்காதே.

இந்தா, இதுக்குள்ளதான் இருக்குது வாட்சு. சிரிக்காதே. மாத்திரை டப்பாதான். ஞாயிறு, திங்கள்னு ஏழு கட்டம் போட்டிருக்குதுல்ல, என்ற ஊட்டுக்காரி சக்கரை மாத்திரை போட்டு வெக்கறது. அவ மாத்திரையை எல்லாம் ஒரு டம்ளர்ல கொட்டிட்டு இதை எடுத்துட்டேன். மொதல்ல கழட்டினது ஞாயித்துக்கெழமைக் கட்டத்துல, கடைசியாக் கழட்டினது சனிக்கெழமைக் கட்டத்துல. ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதது எங்க இருந்துச்சோ அந்தக் கட்டத்துலயே கெடக்குது. வரிசை தப்பாது. அதுல என்னை ஒருத்தன் குத்தம் சொல்ல முடியாது.

எத்தனை நேரமாகும்? ரெண்டு மணி நேரமா? ஆகட்டும். நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேணும் அம்மணி. கோளாறு வாட்ச்லதான்னு நீ சொல்லோணும். சரி பண்றது கூட அப்பறம். எங்க கோளாறுன்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லிடு. வாட்ச்லதான் இருக்கும். வேற எதுல இருக்கப்போகுது.

நான் உடுமலை. பஸ் ஏறி இங்க பொள்ளாச்சிக்கு வந்திருக்கேன். அங்கயும் நாலு வாட்ச் கடை இருக்குது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அங்க என்னைத் தெரியாத ஆள் இல்லை. மில்லுல முப்பத்திநாலு வருஷம் மெயின்டனன்ஸ் பிட்டர். பிட்டர் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாரு. எந்த மிஷின் நின்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க, இஞ்சினியரு கூட என் பின்னாடி கையைக் கட்டிட்டு நிப்பாரு. அப்பேர்ப்பட்டவன் ஒரு கைக்கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு மாட்டத் தெரியாம டப்பாவுல எடுத்துட்டு வந்திருக்கான்னா, பொழுதோட ஊர் பூராவும் சேதி போயிடும். அதுக்குத்தான் இங்க வந்தேன். அதுக்கு மட்டும் இல்லை. சொல்றேன். நீ வேலையைப் பாரு, நான் பேசிட்டு இருக்கேன். சும்மா உக்காந்தா இப்பெல்லாம் எனக்குப் பயமாப் போயிடுது.

வாட்சு என்ற மாப்பிள்ளை குடுத்தது. ஒரே பொண்ணு, புருஷனும் பொண்டாட்டியுமா சிங்கப்பூர்ல இருக்கறாங்க. போன தை மாசம் எனக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. ருக்குமணிக்கு, என்ற சம்சாரத்துக்கு, திரும்ப ஒருக்காத் தாலி கட்டி, மாலை மாத்தி, எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு. எல்லாம் முடிஞ்சு மணையை விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாலயே மாப்பிள்ளை வந்து என்ற இடது கையில இதைக் கட்டி விட்டாரு. 'பேட்டரி கெடையாதுங்க மாமா. உங்க கை அசையறதுலயே சாவி ஏறிக்கும்'னாரு. நான் உடனே கண்டுக்கிட்டேன். உள்ளுக்குள்ள அரைவட்டமா ஒரு கனத்த தகடு. கை ஆடினா அது சுத்தும், அது சுத்தினா ஸ்பிரிங் முறுக்கேறும். உனக்குத் தெரியாததா. அந்த ரோட்டர்தான், ஞாயித்துக்கெழமைக் கட்டத்துல கெடக்குதே.

ஒம்பது மாசம் ஒழுங்கா ஓடுச்சு. ரேடியோவுக்கு ஒரு நிமிஷம் பிசகலை. தீவாளி கழிஞ்சு மூணாம் நாளோ நாலாம் நாளோ, காத்தால ருக்குமணி காப்பியைக் குடுத்துட்டு, 'ஏனுங்க, உங்க வாட்ச்ல இன்னும் மூணரைதான் ஆகுது'ன்னா. பாத்தா நின்னு கெடக்குது. நான் கையை ரெண்டு உதறு உதறினேன், ஓடுச்சு. சரின்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுக்கா நின்னுச்சு. அன்னைக்கும் ஒண்ணும் தோணலை. மூணாந்தரம் நின்னப்ப ருக்குமணி பாக்கறதுக்கு முன்னால கையைப் பின்னால மறைச்சுக்கிட்டேன். ஏன்னு அப்பத் தெரியலை. ஒரு வாட்ச் நின்னா மனுஷன் எதுக்குக் கையை மறைக்கோணும்?

மில்லுல ஒரு மிஷின் நின்னா நான் எடுத்ததும் ஸ்பேனரைத் தொட மாட்டேன். கோளாறை ரெண்டாப் பிரிச்சுப் பாப்பேன். மோட்டார்ல கோளாறா, மோட்டாருக்கு வர்ற கரண்டுல கோளாறா. ஒண்ணு நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சா இன்னொண்ணுதான். அதுல ஒளிஞ்சுக்க எடமே கெடையாது. இதுலயும் அதையேதான் பண்ணினேன். திருகுல கையாலயே முழுசாச் சாவி குடுத்து ஆணியில மாட்டினேன். நாப்பத்தியொரு மணி நேரம் ஓடித்தான் நின்னுச்சு. அப்ப ஓடற பக்கம் சுத்தம். சாவி ஏத்தற பக்கத்துலதான் தகராறு. ரோட்டர் சுத்தலை, இல்லாட்டி சுத்தறது ஸ்பிரிங்குக்குப் போய்ச் சேரலை.

ஆமா, நல்லா யோசிச்சிருக்கறேன்தான். நீ சொல்லித்தான் தெரியோணுமா.

அடுத்தாப்புல ருக்குமணி கையில கட்டி விட்டேன். அவளுக்கு இது பெருசு, முழங்கை வரைக்கும் வந்து வந்து போகும். 'எனக்கெதுக்குங்க இந்தக் கெரகம்'னு திட்டிட்டேதான் கட்டிட்டிருந்தா. ஒம்பது நாளு அம்மணி. நிக்கவே இல்லை. அவ உக்கார்ற ஆள் கெடையாது, கூட்டறதும் தொடைக்கறதும் மாவாட்டறதும்னு எந்நேரமும் கை ஓடிட்டே இருக்கும். அதனாலதான் ஓடியிருக்கும்னு நான் சொல்லிக்கிட்டேன். பொம்பளை கையில ஓடறதை வெச்சு ஒரு முடிவுக்கு வர முடியுமா?

அடுத்தது நாய். மொறைக்காதே. பக்கத்து ஊட்டு ஜெசிந்தா டீச்சர் ஒரு நாய் வளக்கறாங்க, ராக்கின்னு பேரு. அதோட கழுத்துப் பட்டையில ஒரு துணியில சுத்திக் கட்டி விட்டேன். டீச்சர் பாத்துட்டாங்க. 'ஏனுங்க அண்ணா, நாய்க்கு எதுக்குங்க வாட்சு?'ன்னாங்க. 'நேரத்துக்குக் கொரைக்கட்டும்னுதானுங்க'ன்னு சொல்லி வெச்சேன். நல்லாச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மூணு நாள் ஓடுச்சு. நாய் கழுத்துல ஓடுது. அவுத்து என்ற கையில கட்டினேன், அன்னைக்கு ஓடுச்சு, மக்யா நாள் மத்தியானத்துக்கு மேல நின்னு போச்சு.

அன்னைக்குச் சோறு எறங்கலை. நாய்க்கு ஓடறது எனக்கு எதுக்கு ஓட மாட்டேங்குது? நான் என்ன படுத்துக் கெடக்கறேனா? தெனமும் காத்தால ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் நடந்து போய்ட்டு நடந்து வர்றேன், வேகமாத்தான் நடக்கறேன். கடைசியா ஒண்ணு தோணுச்சு. முப்பத்திநாலு வருஷம் இரும்புலயே கெடந்த கையி, காந்தம் ஏறியிருக்கும், அதுதான் ரோட்டரைப் புடிச்சு நிறுத்துதுன்னு. ஒரு குண்டூசியை எடுத்துக் கைகிட்டக் கொண்டு போய்ப் பாத்தேன். ஒட்டலை. நீ சிரி, பரவால்லை. நான் அன்னைக்கு ஒட்டோணும்னு சாமி கும்புட்டுட்டுத்தான் பாத்தேன்.

என்ன கேட்டே? டாக்டரா? எதுக்கு? வாட்ச் நின்னா டாக்டர்கிட்டப் போவாங்களா?

சொல்றேன் இரு. எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. செல்லமுத்துன்னு பேரு, ஆறு வயசு மூத்தவரு. அவருக்கு நடுக்கு வாதம். ஒம்பது வருஷம் இருந்தாரு அதோட. காப்பி டம்ளர் புடிச்சாத் தரையெல்லாம் காப்பி. அப்பறம் நடை போச்சு. பேச்சுக் கொழறுச்சு. கடைசி ரெண்டு வருஷம் எங்க நங்கைதான், அண்ணன் சம்சாரம், அவருக்குப் பல் வெளக்கி விடறதுல இருந்து எல்லாமே. அவங்க இடுப்பே ஒடிஞ்சு போச்சு. நான் பாத்தேன் அதையெல்லாம். பொணமா எடுத்தப்ப நங்கை அழுகலை அம்மணி. செவுத்துல சாஞ்சு அப்படியே தூங்கிட்டாங்க. அத்தனை அசதி.

எனக்கு அது இல்லை. இந்தா, கையைப் பாரு. ரெண்டு கையையும் நீட்டறேன். நடுங்குதா? தெனமும் எந்திரிச்சதும் இப்படி நீட்டி, மேல பேப்பரை விரிச்சு வெச்சுப் பாக்கறேன். பேப்பர் ஓரம் கூட ஆடறதில்லை. நடுக்கம் இல்லைன்னா அந்தச் சீக்கு இல்லைன்னுதானே அர்த்தம்? அண்ணனுக்கு நடுக்கம் இருந்துச்சு. கண்ணால பாத்தவன் நான்.

இல்லை, எடுத்ததும் நடுக்கம் வரலை. அதுக்கு ஒரு ரெண்டு வருஷம் முன்னால இருந்தே அவரு ஒரு கையை வீசாம நடப்பாரு. தொங்கப் போட்டுட்டே நடப்பாரு. அது சோம்பேறித்தனம், அது வேற. சட்டை போட அரை மணி நேரம் ஆக்குவாரு, அதுவும் சோம்பேறித்தனம். கல்யாணங்காச்சிக்குப் போறப்ப எனக்கு மானம் போகும். 'கையை வீசி ஆம்பளையாட்ட நட அண்ணா, உனக்கு என்ன கேடு'ன்னு ரோட்டுல வெச்சே சத்தம் போட்டிருக்கறேன். ஒருக்கா அந்தக் கையைப் புடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் வெடுக்குன்னு ஆட்டியே விட்டேன். கீழ பாத்துட்டே நடப்பாரு. எனக்குத் தெரியாது அம்மணி, ஆருக்கும் அப்பத் தெரியாது. நான் வேணும்னு பண்ணலை.

நீ எதுக்கு வேலையை விட்டுட்டு என்ற கையைப் பாக்கறே? வாட்சைப் பாரு.

பிரிச்ச கதைக்கு வர்றேன். போன வியாழக்கெழமை ருக்குமணி அவ தங்கச்சி ஊட்டு வளைகாப்புக்குத் தாராபுரம் போயிருந்தா. நானு மத்தியானம் கதவைச் சாத்திட்டு, பேனை நிறுத்திட்டு, மேசை மேல வெள்ளை வேட்டியை விரிச்சு உக்காந்தேன். செல்போன் வீடியோவுல ஒருத்தன் வாட்ச் பிரிக்கறதைப் பத்து நாளாப் பாத்து வெச்சிருந்தேன். அவன் பேசற பாஷை புரியாது, கையைப் பாத்தாப் போதும். பின்மூடி சுலுவாக் கழண்டுச்சு. ரோட்டரைத் தொட்டேன், தொட்டதும் வழுக்கிட்டுச் சுத்துச்சு. ரெண்டு பக்கமும் சுத்துச்சு. அங்கயே எனக்குப் பாதி உசுரு போச்சு.

ஆமா, ஸ்பிரிங் முறுக்கை இறக்கிட்டுத்தான் மேல கழட்டினேன். அது தெரியாமயா பிட்டர் வேலை பாத்தேன்? முறுக்கு இருக்கறப்ப உள்தகட்டைத் தூக்கினா சக்கரத்துப் பல்லெல்லாம் போயிடும். அதையெல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். ஒவ்வொரு சக்கரமா எடுத்து லென்ஸ்ல பாத்தேன். தூசி இருக்கும்னு பாத்தேன், இல்லை. எண்ணெய் காஞ்சிருக்கும்னு பாத்தேன், பளபளன்னு இருக்குது. பல்லு ஒண்ணாவது மழுங்கியிருக்கும்னு ஒண்ணொண்ணா எண்ணினேன். முப்பத்திநாலு வருஷத்துல எந்த மிஷின்லயும் கோளாறு இருக்கோணும்னு நான் வேண்டினது இல்லை. அன்னைக்கு வேண்டினேன். ஒரு துளி துரு, ஒரு மசுரு, ஏதோ ஒண்ணு. கழட்டக் கழட்ட எல்லாம் சுத்தமா இருக்குது. சனிக்கெழமைக் கட்டத்துக்கு வர்றப்ப எனக்கு வேர்வை கொட்டுது. கோளாறு இருக்க வாட்ச்ல எடமே மிச்சமில்லை.

மாட்டறப்பத்தான் வம்பு. வலது கையில ஸ்க்ரூ டிரைவர், இடது கையில ட்வீசர். அந்த ட்வீசர்ல ஸ்க்ரூ நிக்க மாட்டேங்குது. பதினோரு தடவை கீழ விழுந்துச்சு. வெரலுக்கு நான் சொல்றது லேட்டாத்தான் போய்ச் சேருது. ஸ்க்ரூவெல்லாம் அத்தனை சின்னது, அதுதான் காரணம். சட்டைப் பொத்தான் அத்தனை சின்னதில்லைதான். அதுக்குத்தான் இப்ப இந்தப் பனியன் சட்டையே போட்டுக்கறேன், தலையோட மாட்டினாப் போதும். ருக்குமணி கேட்டா, சௌகரியமா இருக்குதுன்னு சொல்றேன். சௌகரியமாத்தானே இருக்குது.

பொழுதாச்சு. அவ வர்ற நேரம். இந்த டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். வந்ததும், 'எங்கீங்க மாத்திரை டப்பா'ன்னுதான் மொதல்ல கேட்டா. கைதவறி ஒடைஞ்சு போச்சுன்னு சொன்னேன். 'வாட்ச் எங்கீங்க?' சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். அவ எம் மொகத்தையே பாத்துட்டு நின்னா. அவ என்னைப் பாத்தாலே எனக்கு இப்பெல்லாம் பயம். என்னத்தைக் கண்டுபுடிக்கப் போறாளோன்னு. அவ முன்னால நான் நடக்கறதில்லை அம்மணி. ரோட்டுல போனா அவளை முன்னால போ முன்னால போன்னு அனுப்பிட்டு, நான் பின்னால வர்றேன்.

என்ன? ஒரு சக்கரம் இல்லையா? எந்தச் சக்கரம்? ரோட்டருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல வர்ற ரெண்டுல ஒண்ணா?

அது தேஞ்சு போயிருந்துச்சு. நான்தான் எடுத்துத் தூக்கிப் போட்டேன். அதான் சொன்னேன்ல, சாவி ஏத்தற பக்கத்துலதான் கோளாறுன்னு. நீ புதுசா ஒண்ணு போட்டு, இது தேஞ்சதாலதான் நின்னுச்சுன்னு சொல்லிடு, முடிஞ்சுது. இல்லை, எங்க போட்டேன்னு ஞாபகம் இல்லை. தேஞ்சிருந்துச்சுன்னு சொல்றேன்ல, நான் பாத்தேன், லென்ஸ் வெச்சுப் பாத்தேன். ஒரு பிட்டர் பேச்சை நம்ப மாட்டயா?

அப்படி என்னைப் பாக்காதே. என்ற புள்ளையும் இப்படித்தான் பாப்பா.

இந்தா. மணிபர்ஸ்லதான் இருக்குது, பஸ் டிக்கெட்டுல மடிச்சு வெச்சிருக்கேன். தேயலை. நீ பாக்கவே வேண்டாம், ஒரு பல்லு கூடத் தேயலை. காத்தால பஸ்ல வர்றப்பத்தான் எடுத்து மடிச்சு வெச்சேன். இது இல்லைன்னா நீ இதுலதான் கோளாறுன்னு சொல்லிடுவேன்னு நெனைச்சேன். பொய்யோ புளுகோ, ஒருத்தர் வாயால அதைக் கேட்டாப் போதும்னு இருந்துச்சு. எனக்கு அறுபத்தியொண்ணு வயசு. பஸ்ல உக்காந்து ஒரு சக்கரத்தைத் திருடி ஒளிச்சு வெச்சிருக்கறேன், என்ற வாட்ச்ல இருந்தே.

மாட்டு, மாட்டு. நீ மாட்டி முடிக்கற வரைக்கும் நான் கம்முனு இருக்கறேன்.

ஓடுதா? அந்த ஓட்டம் பாக்கற மிஷின் மேல வெச்சிருக்கறயே, அதுல தெரியற கோடு நேராப் போகுதுன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமா? ரோட்டரும் நல்லாத்தான் சுத்துதா? சாவி ஏறுதா? சரி. நல்லாத்தான் மாட்டியிருக்கறே. உள்ள ஆம்பளை இருக்கானான்னு கேட்டேனே, அதை மனசுல வெச்சுக்காதே.

என்ன கேட்டே? மறுக்கா கேளு.

வலது கையிலயா? இல்லை, வலது கையில கட்டிப் பாக்கலை. ஆணியில மாட்டினேன், ருக்குமணிக்குக் கட்டினேன், நாய்க்குக் கட்டினேன். வலது கையிலயெல்லாம் ஆரு வாட்ச் கட்டறாங்க. ஆமா, நீ சொல்றது சரிதான். ஒரு மோட்டார் தகராறு பண்ணினா, பக்கத்து மிஷின்ல மாட்டிப் பாக்கறதுதான் மொத வேலை. ஒரே ஆளு, ஒரே நடை, இந்தக் கைக்குப் பதிலா அந்தக் கை. நேத்து வேலைக்குச் சேந்தவனுக்குக் கூடத் தோணும்.

தோணுச்சு அம்மணி. கட்டிப் பாத்தேன்.

கார்த்திகை தீபத்தன்னைக்குக் கட்டினேன். முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சுட்டேன், அப்பப் பொத்தான் போட இன்னும் வந்துட்டு இருந்துச்சு. நாலு நாள் ஓடுச்சு. அஞ்சாவது நாளும் ஓடிட்டே இருந்துச்சு. நடந்தேன், ஓடுச்சு. சாப்புட்டேன், ஓடுச்சு. குளிமுறியில கதவைச் சாத்திட்டு அதைக் காதுல வெச்சுக் கேட்டேன், டிக்கு டிக்குன்னு போய்ட்டே இருக்குது. அவுத்து மறுக்கா இடது கையிலயே கட்டிட்டேன். மக்யா நாள் சாய்ந்தரம் நின்னு போச்சு.

ஆமா, அதுக்கப்பறம்தான் பிரிச்சேன். தெரிஞ்சுக்கிட்டுத்தான் பிரிச்சேன். ஒரு தப்பான எடத்துலயாவது கோளாறு கெடைக்காதான்னு பிரிச்சேன்.

ஸ்டேசன் ரோட்டுல ஒரு பாத்திரக் கடை இருக்குது, முன்னால பெரிய கண்ணாடி. காத்தால நடக்கறப்ப அதுல என்னைப் பாத்தேன். வலது கை போய்ப் போய் வருது. இடது கை, ஒடம்போட ஒட்டி, அப்படியே இருக்குது. நான் என்னைப் பாக்கலை அம்மணி, எங்கண்ணனைப் பாத்தேன். அன்னைல இருந்து அந்தக் கண்ணாடி வர்றப்ப எதிர்ச்சாரிக்குப் போயிடறேன்.

நடுக்கம் இல்லாமயும் அது வருமா? ஒருவேளை தோள்பட்டையில சதை ஏதாவது புடிச்சிருக்குமோ? நீ வாட்ச் பாக்கறவ, உனக்கெப்படித் தெரியும். டாக்டர்தான் சொல்லோணும். சரி. டாக்டர்தான் சொல்லோணும். எனக்குச் சாகறதுக்கெல்லாம் பயமில்லை. என்ற பயமெல்லாம் ருக்குமணியை நெனைச்சுத்தான். சக்கரை இருக்குது அவளுக்கு, முட்டி வலி இருக்குது. என்னைத் தூக்கி உக்கார வெக்க அவளால முடியுமா? நங்கை மாதிரி அவளும் செவுத்துல சாஞ்சு தூங்கிட்டான்னா? ராத்திரியும் பகலும் எனக்கு அதுதான். அவகிட்டச் சொன்னா அன்னையோட அவ தூக்கம் போச்சு. சொல்லாட்டி அவளே கண்டுபுடிச்சுருவா. ரெண்டுக்கும் நடுவுல நான் ரெண்டு மாசமாத் திண்டாடிட்டு இருக்கறேன்.

அது என்ன அட்டை? சர்வீஸ் அட்டையா? மில்லுலயும் ஒவ்வொரு மிஷினுக்கும் இப்படி ஒண்ணு தொங்கும், நான்தான் எழுதுவேன். என்ன கோளாறு, என்ன பண்ணினோம், தேதி, கையெழுத்து. அதுல நான் பொய் எழுதினது இல்லை. அடுத்த ஷிப்ட்டுக்காரன் அதை நம்பித்தான் மிஷின்ல கையை வெப்பான்.

கோளாறுங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னா கேக்கறே?

இங்கிலீஷ்ல வேண்டாம், தமிழ்லயே எழுது. ருக்குமணிக்குத் தமிழ்தான் படிக்க வரும். நான் சொல்றேன், நீ எழுது. 'வாட்ச் நல்லா இருக்குது. முழுசாப் பிரிச்சு மாட்டியாச்சு. ஒரு குத்தமும் இல்லை.' எழுதிட்டயா? அடுத்த வரி. 'இவருக்கு இடது கை அசையறதில்லை.' வேண்டாம், அப்படிப் போட்டாப் பயந்துக்குவா. 'சரியா அசையறதில்லை'ன்னு போடு. 'டாக்டர்கிட்டக் காட்டோணும்.' ஊம். இன்னொரு வரி இருக்குது. எடம் இல்லைன்னாப் பின்னால எழுது. 'இது இவருக்கு ரெண்டு மாசமாத் தெரியும்.' அதையும் எழுது. அவ கேக்கற மொதக் கேள்வி அதாத்தான் இருக்கும், எனக்கு அப்ப வாய் வராது.

படிச்சுக் காட்ட வேண்டாம். மடிச்சுக் குடு. நாலேகால் பஸ்ஸைப் புடிச்சா வெளிச்சத்தோட போயிடுவேன். போய் அவ கையில குடுத்துட்டு, அவ படிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்துக்கறேன்.